நான்கு டேக்கிள்கள், 13 இடங்கள்: டிராஃப்டில் யாரை எடுத்திருக்க வேண்டும்?

ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள், நெருங்கினால் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லைப் பார்ப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ‘நம்ம டீமுக்கு டேக்கிள் வேணும். கல்லூரியில் நிறைய ஆடிப் பழகியவரை எடுப்பதா, உடம்பைப் பார்த்து எடுப்பதா? ரைட் டேக்கிளை லெஃப்டுக்கு மாற்றினால் தாக்குப்பிடிப்பாரா?’ வருடத்துக்கு வருடம் பெயர்கள்தான் மாறுகின்றன. டேக்கிள் என்பவர், பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் (லைன்) ஓரத்தில் நிற்பவர். இடப்பக்க ஓரம் லெஃப்ட், வலப்பக்க ஓரம் ரைட்.

இந்த வருடப் பெயர்களை வைத்து ஜோசியம் சொல்வதைவிட, விடை தெரிந்த ஒரு டிராஃப்டை எடுத்துக்கொள்வது மேல். 2020 அதற்கு ரொம்பப் பொருத்தம். அந்த ஏப்ரலில் முதல் 13 இடங்களுக்குள் நான்கு அஃபென்சிவ் டேக்கிள்கள் போனார்கள்: ஆண்ட்ரூ தாமஸ், ஜெட்ரிக் வில்ஸ், மெக்கை பெக்டன், டிரிஸ்டன் வர்ஃப்ஸ். நால்வருக்கும் வயது 20, 21தான். நால்வரும் கல்லூரி மூன்றாம் ஆண்டோடு வெளியே வந்தவர்கள். யார் முதல், யார் நான்காவது என்பதில் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போவது அபூர்வமாக இருந்தது. போதாக்குறைக்குக் கொரோனா. கல்லூரிகளில் நடக்க வேண்டிய புரோ டே எனும் திறன் சோதனைகள் நின்றுபோயின. டீம்களிடம் இருந்ததெல்லாம் ஆட்டங்களின் டேப்பும், பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைன் எனும் பொது உடல்திறன் சோதனையில் எடுத்த அளவுகளும்தான். கிட்டத்தட்ட வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நம் நிலைமை.

டேக்கிளுக்கு ஏன் இத்தனை அலட்டல் என்பவர்களுக்கு அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் போலையே காட்டலாம். 2021 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் தன் இரண்டு வழக்கமான டேக்கிள்களும், எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், இல்லாமல் களமிறங்கியது. குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். டச்டவுன் ஒன்றுகூட வரவில்லை. 31-9 என்று தோற்றார்கள். எதிரணி டாம்பா பேயின் ரைட் டேக்கிள், நாம் பார்க்கப்போகும் நால்வரில் கடைசியாகப் போனவர்.

## எதை வைத்து எடை போடுவது

கால். எல்லாவற்றிலும் முதல் இதுதான், மற்றவை ரொம்பத் தள்ளி இரண்டாவது. பந்து ஸ்னாப் ஆனதும், அதாவது பின்னே கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும், டேக்கிள் பின்பக்கமாகச் சறுக்கி நகர வேண்டும். எதிரே 120 கிலோ எட்ஜ் ரஷர், குவாட்டர்பேக்கை வீழ்த்த முன்னோக்கிப் பாய்ந்து வருகிறார். கபடியில் ரெய்டரிடமிருந்து கண்ணை எடுக்காமல் பின்வாங்கும் கார்னர் ஆட்டக்காரரின் வேலை மாதிரி. ஆனால் இங்கே பின்னால் இருப்பது கோடு அல்ல, குவாட்டர்பேக்.

டேப் பார்க்கும்போது பலரும் டேக்கிள் ஜெயித்த ஸ்னாப்களையே பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது முதல் அடியில் தோற்ற ஸ்னாப்களை. மூன்றாவது டவுன் (வாய்ப்பு), இன்னும் 9 கெஜம் வேண்டும் என்று வையுங்கள். ரஷர் வெளிப்பக்கம் இரண்டு எட்டு வைத்துத் தோளைச் சாய்க்கிறார். டேக்கிள் அதை நம்பி வெளிக்காலில் முழு எடையையும் போடுகிறார். ரஷர் அதே கணத்தில் சுழன்று உள்ளே வருகிறார். இங்கே சாதாரண ஆட்டக்காரர் இடுப்பைத் திருப்பி, கையால் ஜெர்சியைப் பிடித்து, நடுவரிடம் கொடி, அதாவது தண்டனை, வாங்குவார். நல்லவர் என்ன செய்வார் என்றால், உள்காலை ஒரு சாண் பின்னே இழுத்துவைத்து, உள்கையை ரஷரின் விலாவில் பதித்து, அவர் போகும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவார். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் குவாட்டர்பேக்குக்கு அரை நொடி கிடைத்துவிடும். ஓர் ஆட்டத்தில் இப்படி நான்கைந்து ஸ்னாப்கள் கிடைத்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கை. 34 அங்குலம் என்பது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. அதற்குக் குறைந்தால் ‘கார்டாக மாற்றுங்கள்’ என்பார்கள், அதாவது டேக்கிளுக்கு அடுத்து உள்பக்கம் நிற்பவராக. நீளம் உதவும், சந்தேகமே இல்லை. ஆனால் கிளீவ்லண்டில் 10,363 ஸ்னாப்கள் தொடர்ந்து ஆடிய ஜோ தாமஸின் கை 32.5 அங்குலம். 2021-ல் 13ஆவதாகப் போன ரஷான் ஸ்லேட்டருக்கு 33. முதல் சீசனிலேயே, அந்த வருடத்தின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-புரோவின் இரண்டாம் அணியில் வந்தார். 2020-ன் நால்வருக்கும் 34-க்குக் குறையவில்லை என்பதால் அங்கே இந்த அளவுகோல் யாரையும் பிரித்துக் காட்டவும் இல்லை.

கல்லூரியில் என்ன வேலை கொடுத்தார்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. பந்து இரண்டு நொடியில் கையைவிட்டுப் போகும் அஃபென்சில் (தாக்கும் ஆட்டமுறையில்) ஆடிய டேக்கிள், ஒரு ‘சாக்’கும் (குவாட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவது) விடாமல் சீசனை முடிக்கலாம். அதனால் அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்துவிடாது. ரன் ஆட்டம் போலப் போக்குக் காட்டிப் பந்தை எறிவதும் டேக்கிளுக்குச் சலுகைதான். குவாட்டர்பேக் நேராகப் பின்வாங்கி நிற்க, டேக்கிள் தனியாக ரஷரைச் சந்திக்கும் ஸ்னாப்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். எதிரே நின்றவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லேட்டர் 2020 சீசனில் ஆடவே இல்லை. ஆனாலும் 2019-ல் ஒஹாயோ ஸ்டேட்டின் ரஷர் சேஸ் யங்கை அவர் சமாளித்த டேப் டிராஃப்ட் வரை அவருக்காகப் பேசியது. அந்த ஆட்டத்தில் அவருடைய நார்த்வெஸ்டர்ன் 52-3 என்று தோற்றது என்பது தனிக்கதை.

பக்கம். லெஃப்டில் ஆடுபவருக்கு இடது கால் பின்னே, ரைட்டில் வலது கால் பின்னே. பின்னிழுக்கும் கால், முதலில் குத்தும் கை, இடுப்பு திறக்கும் திசை எல்லாம் தலைகீழ். ‘ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே’ என்பவர்கள் ஒருநாள் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் உடம்பு. எடை, முழங்கால், கணுக்கால். இதை மருத்துவ அறிக்கை இல்லாமல் நம்மால் எடை போட முடியாது. ஆனால் 160 கிலோவைத் தாண்டிய உடம்பைக் காலம் முழுக்க முழங்கால்தான் சுமக்க வேண்டும் என்பதற்கு அறிக்கை தேவையில்லை.

## கம்பைன் சொன்னது

| | ஆண்ட்ரூ தாமஸ் | வில்ஸ் | பெக்டன் | வர்ஃப்ஸ் |
|---|---|---|---|---|
| கல்லூரி | ஜார்ஜியா | அலபாமா | லூயிவில் | அயோவா |
| எடுத்த டீம் | நியூயார்க் ஜயன்ட்ஸ் | கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் | நியூயார்க் ஜெட்ஸ் | டாம்பா பே பக்கனியர்ஸ் |
| எத்தனையாவது | 4 | 10 | 11 | 13 |
| எடை (பவுண்டு) | 315 | 312 | 364 | 320 |
| கை நீளம் (அங்குலம்) | 36⅛ | 34¼ | 35⅝ | 34 |
| 40 கெஜம் (நொடி) | 5.22 | 5.05 | 5.10 | 4.85 |
| கல்லூரியில் பெரும்பாலும் ஆடிய பக்கம் | லெஃப்ட் | ரைட் | லெஃப்ட் | ரைட் |
| என்எஃப்எல்லில் தொடங்கிய பக்கம் | லெஃப்ட் | லெஃப்ட் | லெஃப்ட் | ரைட் |

கடைசி இரண்டு வரிகளை ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். பக்கம் மாறி வேலையைத் தொடங்கியவர் ஒருவர்தான்.

## ஆண்ட்ரூ தாமஸ்: ஆடிப் பழகியவர்

ஜார்ஜியாவில் 2017-ல் முதலாண்டு மாணவராக ரைட் டேக்கிள், அடுத்த இரண்டு ஆண்டுகள் லெஃப்ட். மூன்று வருடமும் எஸ்இசி என்ற கடுமையான கல்லூரி லீகில் தொடக்க ஆட்டக்காரர். கைக்கோ 36 அங்குல நீளம். ஓட்டத்தில் நால்வரில் கடைசி. கம்பைனில் யாரையும் வாய் பிளக்க வைக்கவில்லை. ‘பாதுகாப்பான தேர்வு’ என்று பேசப்பட்டார்.

அந்தப் பாதுகாப்பு முதல் வருடம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெளிப்பக்கம் தேவைக்கு மேல் தள்ளிப்போய் நின்றார், முன்னே சாய்ந்து குத்தினார், உள்ளே திரும்பும் ரஷர்களிடம் மாட்டினார். லீகிலேயே அதிக பிரஷர் விட்டவர்களில் (ரஷரைக் குவாட்டர்பேக்கை நெருங்கவிட்டவர்களில்) ஒருவர். சீசன் நடுவே லைன் பயிற்சியாளர் மார்க் கொலம்போவை டீம் நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தது. கணுக்காலிலும் பிரச்சினை, சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சை. நியூயார்க் வானொலிகளில் அப்போது அவரை வறுத்தெடுத்தார்கள்.

ஆனால் 2021-ல் தெளிவான முன்னேற்றம், 2022-ல் இரண்டாம் ஆல்-புரோ அணி, 2023 ஜூலையில் ஐந்து வருடத்துக்கு 11.75 கோடி டாலர் ஒப்பந்தம். அவரிடம் இருந்த குறை பழக்கத்தில் இருந்தது, காலில் இல்லை. அதைத் திருத்தலாம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், அந்த முதல் வருட அடியை வாங்கியது தாமஸ் அல்ல, குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ். பிறகு காயங்கள். 2023-ன் முதல் ஆட்டத்திலேயே, தடுக்கப்பட்ட ஃபீல்டு கோலைத் துரத்தி ஓடித் தொடைத்தசையில் அடி. புது ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள். 2024-ல் பாதத்தில் காயம், அக்டோபரோடு சீசன் முடிந்தது.

## ஜெட்ரிக் வில்ஸ்: கைத்திறன் இருந்தது, பக்கம்தான் மாறியது

நால்வரில் நேர்த்தியான டேப் யாருடையது என்று கேட்டால், அப்போது பலரும் இவரைச் சொல்லியிருப்பார்கள். இடுப்பின் வளைவு, குத்தும் நேரம், இரண்டாவது அசைவுக்குப் பதில் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. ஆனால் எல்லாமே வலப்பக்கம். அலபாமாவின் குவாட்டர்பேக் டுவா டாகவைலோவா இடதுகைக்காரர். ஆகவே அவர் பார்வை படாத பக்கம் வலது. அதைக் காத்தவர் வில்ஸ். ‘முதுகுப்பக்கம் காத்த அனுபவம் இருக்கிறது, அதனால் லெஃப்டுக்குத் தயார்’ என்று ஒரு வாதம் ஓடியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் யாருடைய முதுகு என்பது காலுக்குத் தெரியாது. வில்ஸின் கால் பழகியது வலப்பக்கத்துக்குத்தான்.

கிளீவ்லண்ட் அந்த மார்ச்சில்தான் ரைட் டேக்கிள் ஜாக் கான்க்ளினை டென்னஸியிலிருந்து பணம் கொடுத்து அழைத்து வந்திருந்தது. வலப்பக்கம் காலி இல்லை. வில்ஸ் லெஃப்டுக்குப் போனார், அதுவும் கொரோனா காரணமாக பிரீசீசன் எனும், சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்களே ரத்தான வருடத்தில். புதுப் பக்கத்தில் அவருடைய முதல் நிஜ எதிரி, புள்ளிகள் கணக்கில் வரும் ஆட்டத்தில்தான் வந்தார். பில் கலஹன் போன்ற பெயர்பெற்ற லைன் பயிற்சியாளர் இருந்தும், வில்ஸ் ‘பரவாயில்லை’ என்ற நிலையைத் தாண்டவில்லை.

முதல் சுற்றில் எடுத்தவரின் ஒப்பந்தம் நான்கு வருடம். ஐந்தாவது வருடம் டீமின் விருப்பம், அதை மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அந்தப் பணம் உறுதி. 2023-ல் தாமஸுக்கும் வில்ஸுக்கும் அந்த ஐந்தாவது வருடத்துக்கு ஒரே தொகைதான் வந்தது, சுமார் 1.42 கோடி டாலர். ஒருவர் ஆல்-புரோ, மற்றவர் சராசரி. தொகையைத் தீர்மானிப்பது புரோ போல் எனும் நட்சத்திர ஆட்டத்துக்கான அழைப்பும் ஆடிய நேரமும் என்பதால் சூத்திரத்துக்கு இருவரும் சமம். தாமஸ் அதுவரை ஒரு புரோ போலுக்கும் போனதில்லை. கிளீவ்லண்ட் வில்ஸுக்குச் சரி என்றது. அதே வருடம் நவம்பரில் முழங்காலில் அடி. 2024-ல் அந்த இடத்தை, நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட டவான்ட் ஜோன்ஸிடம் இழந்தார்.

அலபாமாவில் வில்ஸுக்கு எதிர்முனையில் லெஃப்டில் ஆடிய அலெக்ஸ் லெதர்வுட்டை 2021-ல் ரெய்டர்ஸ் 17ஆவதாக எடுத்து ரைட்டுக்கு மாற்றியது. அங்கிருந்து கார்டு. அடுத்த ஆகஸ்டில் வெளியே அனுப்பிவிட்டது.

## மெக்கை பெக்டன்: உடம்பு

6 அடி 7 அங்குலம், 165 கிலோ, 40 கெஜத்தை 5.10 நொடியில் கடந்தார். கம்பைன் அரங்கில் அன்று பேச்சே இதுதான். லூயிவில் டேப்பில் எதிராளிகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைத் தேடுவார்.

ஆனால் அந்த டேப்பில் ரன் ஆட்டமும், ரன் போலப் போக்குக் காட்டும் பாஸ்களும்தான் அதிகம். தனியாக ரஷரைச் சந்தித்த ஸ்னாப்கள் குறைவு. குறை இருந்தது என்று சொல்ல முடியாது, இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை அதற்குத்தான் விலை அதிகம்.

ஜெட்ஸில் முதல் சீசன் நன்றாகவே போனது. 2021-ன் முதல் ஆட்டத்தில் முழங்கால் போனது, சீசனும் போனது. 2022 பயிற்சி முகாமில் மறுபடி முழங்கால், அந்த சீசனும் முழுசாக இல்லை. ஐந்தாவது வருட விருப்பத்தை ஜெட்ஸ் எடுக்கவில்லை. நால்வரில் இவருக்கு மட்டும்தான் அப்படி.

கதை அங்கே முடியவில்லை. 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஒரு வருட ஒப்பந்தத்தில் அழைத்தது. லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவரை ரைட் கார்டாக மாற்றினார். கார்டுக்கு இருபக்கமும் ஆள் இருப்பதால் தனியாகத் திறந்தவெளியில் பின்வாங்கும் தேவை குறைவு. அந்த உடம்பின் பலம் தேவைப்படும் இடம் அது. 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 40-22 என்று சூப்பர் போலை வென்றது. முதலில் எடுத்த டீமுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

உயரத்தையும் எடையையும் மட்டும் நம்பினால் இதைவிட மோசமாகவும் போகும். தாமஸோடு ஜார்ஜியாவில் ரைட்டில் ஆடிய ஐசயா வில்சனும் அதே முதல் சுற்றில் 29ஆவதாகப் போனார். பெரிய உடம்பு, நீளமான கை. டென்னஸிக்காக அவர் ஆடிய ஸ்னாப்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

## டிரிஸ்டன் வர்ஃப்ஸ்: கடைசியாகப் போனவர்

அயோவாவின் தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ் அடிப்படையில் லைன் பயிற்சியாளர். அங்கே முதலாண்டு மாணவருக்கு டேக்கிள் இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. வர்ஃப்ஸுக்குக் கிடைத்தது. பள்ளியில் மல்யுத்தத்தில் மாநிலச் சாம்பியன். 320 பவுண்டு எடையோடு நின்ற இடத்திலிருந்து 36.5 அங்குலம் எகிறிக் குதித்தார். 40 கெஜம் 4.85 நொடி.

அப்புறம் ஏன் நான்காவதாகப் போனார்? வெளிப்பக்க வேகத்துக்கு எதிராகச் சமநிலை தவறுகிறார் என்றார்கள். கார்டாகத்தான் தேறுவார் என்றவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் ரைட்டில் ஆடியவர் என்பதும் விலையைக் குறைத்தது. இந்தக் குறைகள் பொய் அல்ல, டேப்பில் இருந்தன. ஆனால் அதே டேப்பில், சமநிலை தவறிய பிறகு காலை ஊன்றி மீண்டு வந்த ஸ்னாப்களும் இருந்தன. மல்யுத்தக்காரருக்கு அது புதிதில்லை.

டாம்பா பே 14ஆம் இடத்திலிருந்து ஒரே ஓர் இடம் முன்னேறி எடுத்தது. அந்த மார்ச்சில்தான் குவாட்டர்பேக் டாம் பிரேடி வந்திருந்தார். வயது 42, ஓடித் தப்பிக்கிற ரகம் இல்லை. லெஃப்டில் டானவன் ஸ்மித் இருந்ததால் வர்ஃப்ஸைப் பழகிய ரைட்டிலேயே விட்டார்கள். முதல் சீசனிலேயே சூப்பர் போல். 2021-ல் ரைட் டேக்கிளாக முதல் ஆல்-புரோ அணி. 2023-ல் ஸ்மித் போன பிறகுதான் லெஃப்டுக்கு மாற்றினார்கள். 2024-ல் லெஃப்டிலும் முதல் ஆல்-புரோ அணி. அந்தக் கோடையில் கையெழுத்தான ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 14 கோடி டாலருக்குச் சற்று மேல்.

இவரிடம் மறைமுகச் செலவு ஏதும் இல்லையா என்றால், இருக்கிறது. நன்றாக ஆடினால் பில் எகிறும். இரண்டு புரோ போல் அழைப்புகளால் ஐந்தாவது வருடத் தொகையே 1.82 கோடி டாலர் ஆனது. இந்தக் கஷ்டத்தை எந்த மேனேஜரும் சிரித்துக்கொண்டே ஏற்பார்.

## எந்த டீமுக்கு எப்படிப்பட்டவர்

‘இப்போது தெரிந்ததை வைத்து வர்ஃப்ஸ் என்று சொல்வது சுலபம்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆகவே ஆளை விட்டுவிட்டு ரகத்தை மட்டும் பார்ப்போம்.

லெஃப்ட் டேக்கிள் இடம் இன்றைக்கே காலி, ஒரு மோசமான சீசனைப் பொறுத்துக்கொள்ள உரிமையாளருக்கு மனசு இருக்கிறது, நல்ல லைன் பயிற்சியாளர் இருக்கிறார் என்றால் தாமஸ் ரகம். ஜயன்ட்ஸிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவதைத் தாமதமாகத் தேடினார்கள். தோற்றால் பயிற்சியாளர் வேலை போகும் என்ற நிலையில் உள்ள டீம் இவரை எடுத்தால், பலனை அனுபவிப்பது அடுத்து வரும் பயிற்சியாளராக இருக்கும்.

பெக்டன் ரகத்தை முதல் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குள் நான் எடுக்க மாட்டேன். முதல் சுற்றின் கடைசியில், ஏற்கெனவே இரண்டு டேக்கிள்களும் நல்லபடி இருக்கும் டீம், முதல் வருடம் கார்டாக ஆடவைத்துப் பார்க்கும் திட்டத்தோடு எடுத்தால் அர்த்தம் உண்டு. அதாவது ஃபிலடெல்ஃபியா மாதிரியான டீம்.

வர்ஃப்ஸ் ரகம், மீண்டு வரும் கால் உள்ளவர், கிட்டத்தட்ட எல்லோருக்கும். பக்கம், கை நீளம், கார்டு பேச்சு எதுவும் அதைத் தடுக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பக்கத்தை மாற்றுவது மட்டும்தான் இவரைக் கெடுக்கும்.

மிச்சம் இருப்பது வில்ஸ் ரகம், அதாவது ஆரம்பக் கேள்வியில் ரைட்டிலிருந்து லெஃப்ட் என்று கேட்டவர்களுக்கானது. பக்கம் மாற்றவே முடியாது என்று சொன்னால் பொய். ஒரிகனில் லெஃப்டில் ஆடிய பெனய் சூவலை 2021-ல் டெட்ராய்ட் 7ஆவதாக எடுத்து ரைட்டுக்கு மாற்றியது. பயிற்சி நாட்களில் தடுமாறினார், பிறகு ஆல்-புரோ ஆனார். அவருக்குத் தடுமாற பிரீசீசன் கிடைத்தது. வர்ஃப்ஸுக்கு மூன்று சீசன்கள் கிடைத்தன. வில்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் டீமில் ரைட் பக்கம் காலியாக இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். லெஃப்ட் மட்டும் காலி என்றால், ஒரு வருடம் லெஃப்டைப் பார்த்துக்கொள்ள வயதான ஆட்டக்காரர் ஒருவரைச் சின்ன ஒப்பந்தத்தில் பிடித்துக்கொண்டு எடுங்கள். அதற்குச் சம்பள வரம்பில் இடம் இல்லையென்றால், அவர் எவ்வளவு நேர்த்தியாக ஆடினாலும், உங்கள் பட்டியலில் அவருக்கு அடுத்து இருக்கும் லெஃப்ட் டேக்கிளின் டேப்பை எடுத்து, அவர் தோற்ற ஸ்னாப்களை முதலில் பாருங்கள்.